நல்ல தண்ணிதான் என்று சொன்னேன்

என் ஓரகத்தியைப் போல எறா பிடிக்க எங்கள் குப்பத்தில் இன்னொரு ஆள் கிடையாது. நான் சொன்னால் இதை நம்பலாம். அவளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை.

என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி அவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், வேறு வழியில்லாமல். மாமனார் விட்டுப்போன ஒரே வீட்டுக்கு நடுவில் சுவர் வைத்து, அந்தப் பக்கம் அவளும் அவள் பெண்ணும், இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர். அடுப்பு இரண்டு, வாசல் இரண்டு, கக்கூஸ் மட்டும் ஒன்று. அவள் புருஷன் சின்ன வயதிலேயே நெஞ்சு வலியில் போய்விட்டார். நடுச்சுவர் கூரையைத் தொடாத அரைச் செங்கல் சுவர். அவள் என்னைப் பற்றி முணுமுணுத்தால் இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் முணுமுணுப்பாள்.

கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலைத் தொடுவதற்கு முன்னால் கழியாக அகன்று கிடக்கும் இடம் எங்களுடையது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து அவள் இறங்குவாள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் குந்தி, அடிச் சேற்றை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே தவழ்ந்து போவாள். விரலில் எறா தட்டியதும் பொத்திப் பிடித்துப் பறிக்குள் போடுவாள். பறி என்பது பனையோலையில் முடைந்த பை. அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு போனால்தான் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். சிப்பி கிழிக்கும், கெளுத்தி முள் ஏறும், எவனோ வீசிய பாட்டில் உடைந்து கிடக்கும். எதற்கும் கையைப் பின்னுக்கு இழுக்க மாட்டாள். அதிலும் அந்த வலது கையைப் பற்றி அவளுக்கு அப்படி ஒரு பெருமை. "என் சோத்தாங்கைக்குக் கண்ணு கீதுடி" என்பாள். மெய்யாகவே இருந்தது. இளசுகளெல்லாம் அரைப் பறியோடு ஏறும்போது அவள் பறி நிறைந்து வழியும்.

பறியைக் கடித்திருக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் அவள் வாய் மூடியிருந்தது. மிச்ச நேரமெல்லாம் அந்த வாய் என்னைத்தான் மென்றது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் தண்ணீர் இரண்டே வகை. ஒன்று உப்புத் தண்ணி, இன்னொன்று நல்ல தண்ணி. போர் பைப்பில் வருவது உப்பு, லாரியில் வருவது நல்லது. நாக்கில் கரிக்காவிட்டால் அது நல்ல தண்ணி, அவ்வளவுதான் கணக்கு. குடத்தில் புழு நெளிந்தால்கூட 'நல்ல தண்ணில புழு கீது' என்றுதான் எங்கள் ஆட்கள் சொல்வார்கள். எறா பிடிக்கும் பெண்களுக்கு ஆற்றுத் தண்ணீர் எந்நேரமும் உதட்டில் அலம்பிக்கொண்டே இருக்கும் என்பதால், அவர்களுக்கு நாக்குதான் பரிசோதனைக் கூடம். நான் செய்த காரியத்தைச் சொல்லும் முன் இந்த வார்த்தையை விளக்கிவிட வேண்டும். இதற்குப் பின்னால்தான் நான் ரொம்ப நாள் ஒளிந்துகொண்டிருந்தேன்.

எங்களுக்கு ஒரு பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. இன்னொரு பக்கம் சாம்பல் தண்ணீர் போகும் குழாய், அதில் பாதிக்கு மேல் ஓட்டை. அவன் ஆற்றைக் கெடுத்தான், இவன் ஆற்றைக் கெடுத்தான் என்று வருஷத்துக்கு நாலு முறை மனு எழுதிக்கொண்டு போவோம். எங்கள் நூற்றுச் சொச்சம் வீட்டின் கக்கூஸ் குழாயும் நேராக அதே ஆற்றில்தான் விழுந்தது. அதைப் பற்றி ஒரு மனுவிலும் ஒரு வரி இருக்காது. கேட்டால், 'நம்பள்து மனுச பீதானே, அது இன்னா பண்ணும்' என்று சிரிப்பார்கள்.

அப்போதுதான் அரசாங்கத்திலிருந்து ஒரு சாரும் ஒரு மேடமும் வந்து ஊரைச் சுற்றிப் பார்த்தார்கள். ஊர்க் கோடியில் சின்னதாக ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதாகவும், அதைப் பார்த்துக்கொள்ள உள்ளூரிலேயே பன்னிரண்டாவது படித்த பெண் ஒருத்தி வேண்டும் என்றும் சொன்னார்கள். பன்னிரண்டாவது தேறியவர்கள் எங்கள் குப்பத்தில் இரண்டே பேர். ஒன்று நான், இன்னொன்று என் ஓரகத்தியின் பெண். மனு கொடுக்கும் நாள் வியாழக்கிழமை என்று என் ஓரகத்தி நினைத்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை. மறந்துபோய் சொல்லாமல் இருந்தேன் என்று வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன், சுத்தப் பொய். அந்த வருஷமே அவள் பெண்ணை மாத்தூரில் கட்டிக்கொடுத்தாள்.

ஊர் அதற்கு வைத்த பெயர் பீ கம்பெனி. டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் தடிமாடுகள் நான் போகும்போதெல்லாம், "இன்னா மேனேஜரம்மா, இன்னிக்கு உற்பத்தி ஜாஸ்தியா?" என்று கேட்பார்கள். "உன் வூட்லேர்ந்து வந்தது மட்டும் தனியா தெரியுது மாமு" என்று நானும் விட மாட்டேன். வெளியே அப்படிச் சிரித்தாலும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அதுவரை எதுவும் அவ்வளவு பிடித்ததில்லை.

காலையில் போனதும் முதல் தொட்டியின் கம்பித் தடுப்பை வாரியால் வழிக்க வேண்டும். தலைமுடி, ஷாம்பு பாக்கெட், நாப்கின், ஒரு முறை யாருடையதோ பல் செட். அதை அலம்பி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டேன், ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கடுத்த தொட்டியில் ஒரு மோட்டார் ராத்திரி பகலாகக் காற்றை உள்ளே ஊதும். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அந்தக் காற்றைக் குடித்துக்கொண்டு அழுக்கைத் தின்னும். பிறகு கல்வாழை நட்ட ஜல்லிப் பாத்தி. மஞ்சளும் சிவப்புமாகப் பூத்துத் தள்ளும், எங்கள் ஊரில் வேறெங்கும் அப்படிப் பூ கிடையாது. கடைசியாக ப்ளீச்சிங் கரைசல் சொட்டும் தொட்டி, அதைத் தாண்டினால் ஆறு. ஒரு கண்ணாடிக் குடுவையில் தண்ணீரை எடுத்து அரை மணி நேரம் வைத்தால் கசடு கீழே தங்கி மேலே தெளிந்து நிற்கும். அதை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்ப்பேன். சீ என்று ஊர் மூக்கைப் பொத்தியது என் கையில் இப்படி ஆகிறதே என்று கர்வமாக இருக்கும்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது அந்த மேடம்தான். நிதானமான மனுஷி. எதையும் இரண்டாம் முறை சொல்ல மாட்டார். இந்த ஒன்றை மட்டும் ஒவ்வொரு முறை வரும்போதும் சொல்லுவார். "காத்து மோட்டார் நின்னா பூச்சி செத்துடும்மா. அப்புறம் நீ ஆத்துல விடறது வெறும் சாக்கடைதான். மத்ததெல்லாம் அழுக்கைத்தான் எடுக்கும், நோயைக் கொல்றது கடைசி மருந்து ஒண்ணுதான். மருந்து விழாத தண்ணியில உடம்புல காயம் இருக்கறவங்க யாரையும் எறங்க விடாதே." நான் தலையாட்டுவேன். நோட்டிலும் எழுதி வைத்திருந்தேன்.

நிலையம் ஓட ஆரம்பித்து ஒரு மழைக்காலம் முடிந்ததும் யாரும் நினைக்காத ஒன்று நடந்தது. எங்கள் குழாய் ஆற்றில் விழும் இடத்தில் எறா கூடியது. கரிக்காத தண்ணீர் வந்து விழுந்தால் எறா தேடிக்கொண்டு வரும், மேலே மழை பெய்து புதுத் தண்ணீர் இறங்கும்போது வருவதைப் போல. ஆற்றின் மற்ற இடமெல்லாம் சாம்பலும் சுடுதண்ணீருமாகிவிட்டதால் அது எங்கே போகும் பாவம். பெண்களெல்லாம் பறியோடு என் குழாயடிக்கு வந்துவிட்டார்கள். ஆனால் ப்ளீச்சிங் சொட்டும் நேரத்தில் ஒரு எறா இருக்காது. அந்த வாசனைக்கு ஓடிவிடும். காலை எட்டிலிருந்து பதினொன்று வரைதான் மருந்து விடும் நேரம். ஆறு வற்றும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப் போகும் அல்லவா, அதனால் மாதத்தில் பாதி நாள் இரண்டும் ஒன்றாக விழும்.

தண்ணி லாரி வந்து நின்ற ஒரு காலையில், எல்லோரும் குடத்தோடு நிற்கும்போது, என் ஓரகத்தி ஆரம்பித்தாள்.

"ஏய், நான் எறங்கற நேரத்துல அந்த மருந்த நிறுத்துடி. எறா மூஞ்சத் திருப்பினு ஓடுது."

"அப்டியெல்லாம் நிறுத்த முடியாதுக்கா. ரூல்ஸ் கீது."

"பேள்றதுக்கு இன்னாடி ரூல்ஸு?"

வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. "படிச்சவங்க சொன்னா கேட்டுக்க. ஒனக்கு இன்னா தெரியும் இதப் பத்தி" என்றேன்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து, நிதானமாகச் சொன்னாள். "ஆமாண்டி, நீ படிச்சவ. பெத்த புள்ள பீயக் கழுவ குடுத்து வெக்கல, அதான் ஊரு பீயக் கழுவினு கீற."

சிரிப்பு நின்றுபோனது. எனக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். திருவொற்றியூரில் ஒரு டாக்டர், ராயபுரத்தில் ஒரு டாக்டர், ஊசி, மாத்திரை, வேண்டுதல் எல்லாம் பார்த்து, வயிற்றில் நின்றது ஒன்றுகூட மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. இரண்டாவது முறை ரத்தத்தை அலம்பித் தள்ளியதே இவள்தான். அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. தெரிந்துதான் சொன்னாள்.

"புருசன முழுங்கினவல்லாம் புள்ளையப் பத்திப் பேச வந்துட்டா" என்றேன் நான்.

அவள் சொன்னது எனக்கு வலித்தது. நான் சொன்னது அவளுக்கு வலிக்கிறதா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வலித்தது, கண் கலங்கியது. எனக்குத் திருப்தியாக இருந்தது. ஆனால் அந்தத் திருப்தி போதவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் போலப் பேச்சில்லை. அப்போது ஒரு நாள் எங்கள் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. ஊருக்கெல்லாம் கரண்ட் செய்து அனுப்புகிறவனின் புகைபோக்கி நிழல் எங்கள் வாசலில் விழுகிறது. எங்களுக்கு இரண்டு நாள் கரண்ட் இல்லை. காற்று மோட்டார் நின்றது. முதல் நாள் சாயங்காலத்துக்குள் தொட்டி கறுத்து, அழுகிய முட்டை வாடை அடிக்க ஆரம்பித்தது. சாருக்கு போன் போட்டேன்.

"ஏம்மா, ப்ளீச்சிங்க ரெண்டு பங்கா போடு, நாள் பூரா நிக்காம விடு. யாரையும் குழாய்ப் பக்கம் சேர்க்காதே. ஜெனரேட்டர் அனுப்பறேன்" என்றார்.

சேர்க்கவில்லை. அப்போதே கயிறு கட்டி, வந்த பெண்களையெல்லாம் விரட்டினேன்.

இரண்டாம் நாள் காலையில், ஜெனரேட்டர் இன்னும் வராத நேரத்தில், என் ஓரகத்தி வந்தாள். பேச்சு நின்றுபோனவள் தானாக வந்து கேட்டுக்கு வெளியே நின்றது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கையில் பறி. வலது உள்ளங்கையில் பழைய புடவைக் கிழிசலைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"கையில இன்னா?"

"நேத்து அக்கரையில சிப்பி கீசிச்சு. அத்த உடு." காலால் மண்ணைக் கிளறினாள். பிறகு சொன்னாள். "பொண்ணும் மாப்ளையும் இன்னிக்கு வர்றாங்கடி. அது முழுகாம கீது. மூணு மாசம் முடிஞ்சிடிச்சாம். எறா தொக்கு வோணும்னு வாய் வுட்டுக் கேட்டுச்சு. இன்னும் யாராண்டயும் சொல்லல, ஒன்னாண்டதான் சொல்றேன். ஒரு ரெண்டு மணி நேரம் அந்த மருந்த நிறுத்தேன்."

மூணு மாசம் முடிஞ்சிடிச்சாம். இன்று யோசித்தால், அவள் என்னோடு ராசியாகத்தான் வந்திருக்கிறாள் என்று படுகிறது. ஊரில் முதல் ஆளாக என்னிடம் சொன்னால் நான் சமாதானமாவேன் என்று நினைத்திருக்கலாம். அன்றைக்கு எனக்கு அப்படிக் காதில் விழவில்லை. லாரிக்கு எதிரே சொன்னதையே இன்னொரு முறை சொல்கிறாள் என்றுதான் விழுந்தது.

போய்க் குழாயைத் திருகினேன். சொட்டு நின்றது. கட்டியிருந்த கயிற்றையும் நானே அவிழ்த்தேன்.

"நிறுத்திட்டேன். போய் எறங்கு."

அவள் மூக்கைச் சுளித்தாள். "நாத்தம் கொடலப் புடுங்குதே. தண்ணி எப்டி கீது?"

"நல்ல தண்ணிதான்க்கா" என்றேன்.

குழாய் வாயில் ஒரு கை ஏந்தி, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். முகம் மலர்ந்துபோனது. "ஆமாண்டி, உப்பே இல்ல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு சிரித்தாள். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். நான் கல்வாழைப் பாத்திக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு காய்ச்சல் வரட்டும், நாலு நாள் வயிற்றால் போகட்டும், மாப்பிள்ளை எதிரே சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். கை போக வேண்டும் என்று நினைக்கவில்லை. இப்படிச் சொன்னால் நான் செய்தது சின்னதாகிவிடும் என்று சொல்லவில்லை, நினைத்ததை நினைத்தபடி சொல்கிறேன். அவள் ஏறிப் போனதும் மருந்தைத் திறந்துவிட்டேன். ரிஜிஸ்டரில், 'ப்ளீச்சிங் இரண்டு பங்கு, நிறுத்தாமல் விடப்பட்டது' என்று அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் நடுச்சுவருக்கு மேலாக ஒரு கிண்ணம் வந்தது. அவள் பெண் எட்டிக் கொடுத்தாள். "சித்தி, அம்மா குடுக்கச் சொல்லிச்சு. எறா தொக்கு." என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் முதல் ஷிப்ட் முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டார். "இன்னா சொல்லு, அண்ணி கை மணமே தனி" என்றார். நானும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் அவளுக்குக் குளிர்காய்ச்சல். அதற்கடுத்த நாள் கை முழங்கை வரை வீங்கி, தோல் கறுத்துக் கொப்புளம் கட்டிவிட்டது. ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே போன பிறகுதான் அவளுக்குச் சர்க்கரை இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது, அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆற்றில் இறங்கினாளா, எங்கே இறங்கினாள் என்று டாக்டர் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. "உங்க ஆத்துல எல்லாமே கலக்குது. எதுலேர்ந்து வந்துச்சுன்னு யாரு சொல்றது" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். அந்த ஒரு வாக்கியத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சாம்பலாக இருக்கலாம், கெமிக்கலாக இருக்கலாம், முதல் நாள் கிழித்த சிப்பியாக இருக்கலாம். எனக்கு எத்தனை பேர் துணை! கையை எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார்கள். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நடைபாதையில் அந்தப் பெண் என் தோளில் விழுந்து, "சித்தி, நீ இருக்கறதாலதான் எனக்கு தைரியம் சித்தி" என்று அழுதது. நான் அதன் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, ரிஜிஸ்டரில் எழுதியது சரியாக இருக்கிறதா என்று மனசுக்குள் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் சும்மா இருக்குமா? பீ கம்பெனியால்தான் கை போனது, இழுத்து மூடு என்று டீக்கடை தடிமாடுகள் கொடி பிடித்தன. சாரும் இன்னொரு பெரிய அதிகாரியும் விசாரிக்க வந்தார்கள். நிலையத்து முற்றத்தில் நாற்காலி போட்டு, என் ஓரகத்தியை உட்கார வைத்தார்கள். வெட்டிய கையைத் துண்டால் மூடியிருந்தாள். என் வேலை மட்டுமில்லை, போலீஸ் வரைக்கும் போகும் என்று எனக்குத் தெரியும்.

"அன்னிக்கு நீங்க எறங்கினப்போ மருந்து ஓடிச்சாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் இங்க எறங்கவே இல்ல சார். அக்கரையில, சாம்பல் தண்ணி வுடற எடத்துல எறங்கினேன். இங்கதான் மருந்து வாசன தூக்கினு இருந்துச்சே, இங்க எவ எறங்குவா?"

அதிகாரி ரிஜிஸ்டரைப் பார்த்தார். பொருந்தியது. போய்விட்டார்கள். அன்றைக்கு அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். அவள் எவ்வளவு பெரிய மனுஷி, நான் எவ்வளவு கலீஜ் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், மன்னிக்கப்பட்டது சுகமாகவும் இருந்தது. ஓரகத்தி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் புகழ்ந்து தள்ளினேன்.

இடது கையால் எல்லாவற்றையும் பழகிக்கொண்டாள். பெருக்கினாள், தலை வாரினாள், பல்லாலும் கையாலுமாகப் புடவையைக்கூடக் கட்டிவிட்டாள். சாப்பிடுவது ஒன்றுக்கு மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். "பீச்சாங்கையால சோறு துன்றதுக்கு பட்டினி கெடந்து சாவேன்" என்றாள். ஸ்பூன் கொடுத்தேன், தூக்கி எறிந்தாள். முதலில் பெண் ஊட்டியது. வயிறு ஏற ஏற, அதன் மாமியார் வந்து மாத்தூருக்குக் கூட்டிப்போய்விட்டாள். அதிலிருந்து நான்தான். காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு முறை, மத்தியானம் ஓடி வந்து ஒரு முறை, பொழுது சாயும்போது ஒரு முறை. சோப்புப் போட்டு மூன்று தடவை கையைக் கழுவிக்கொண்டு போய் எதிரே உட்காருவேன். அவள் வாயைத் திறப்பாள்.

எட்டு மாதம் அப்படிப் போனது. ஒரு மத்தியானம், மத்திக் குழம்பும் சோறும். அவள் பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தாள். எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, பொறுக்க முடியவில்லை.

"அக்கா, அன்னிக்கு நான் தெரிஞ்சேதான் மருந்த நிறுத்தினேன். ஒன் கையில துணி கட்டியிருந்ததையும் பாத்தேன். தண்ணி அப்போ சாக்கடைக்கா. தெரிஞ்சேதான் நல்ல தண்ணின்னு சொன்னேன்."

மென்று முடித்து, விழுங்கி, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"தெர்யும்டி."

"தெரியுமா?"

"ஆத்துலேர்ந்து திரும்பிப் பாக்கறேன், அந்தப் பூவாண்ட நின்னு என்னியே பாத்துனு கீற. சொம்மா ஒருத்தி அப்டி நிப்பாளா? அப்பவே ஏறியிருக்கணும். எறா அள்ளி அள்ளிக் கெடச்சுது, நாந்தான் ஆசப்பட்டுட்டேன்."

"அப்பறம் ஏன்க்கா அந்த ஆபீசராண்ட அப்டி சொன்ன?"

"பின்ன? ஒன்ன ஜெயில்ல தள்ளிட்டு, ஒத்தக் கையோட நான் எங்க போறது? பொண்ணு வூட்ல மாமியார்காரி உக்காந்துனு கீறா. ஒரு வேள சோறு போட்டா மறுவேள குத்திக் காட்டுவா. ஒன் வேல பூட்டா ஒன் புருசன் ஒன்ன இட்டுனு எங்கனா கண்காணாத எடத்துக்குப் பூடுவான். நீ இங்கியே கெடக்கணும். நான் சாவறவரிக்கும் என் எதிர்ல குந்தினு இதப் பண்ணணும்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாடி பாக்கற? மன்னிச்சிட்டேன்னு நெனச்சிகினியா இத்தினி நாளா?"

நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

"ஆறிப்போவுது, குடு" என்றாள். "முள்ளு பாத்துக் குடு. நேத்து ஒண்ணு தொண்டையில குத்திகினு ராவெல்லாம் பேஜாராப் பூட்ச்சி. வோணும்னே வுட்டியோ இன்னாவோ."

"இல்லக்கா. தெரியாமத்தான் வந்திருக்கும். சத்தியமா" என்றேன்.

அது உண்மை. அவள் நம்பவில்லை. இனி எதைச் சொன்னாலும் நம்ப மாட்டாள், ஆனாலும் என் கையிலிருந்துதான் சாப்பிட்டாக வேண்டும். மத்தி மீனில் முள் பொடிப் பொடியாக இருக்கும். தட்டை வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு, மீனைப் பிட்டு, விரலால் நசுக்கி நசுக்கித் தேட ஆரம்பித்தேன். அவள் வாயைத் திறந்துகொண்டு என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.